ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை

புளத்கொகுபிட்டியவில் இருந்து மேலே ஏறுகிற தோட்டங்களில் பிறந்த ஆட்களில், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதி அதை உலகத்துக்கே சும்மா கொடுத்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். பன்னிரண்டு வயதில் என்னைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பினார்கள். ரேடியோ திருத்துகிற கடை. கூட்டிப் பெருக்கப் போனவன், நாலு வருஷத்தில் முதலாளிக்கே எங்கே பழுது என்று காட்டிக் கொடுத்தேன். பிறகு டீவி, பிறகு கைபோன். கடைசியில் எங்கள் டவுனிலேயே சொந்தமாகக் கடை போட்டேன். கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது, போனில் வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினேன். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் முன்பு இதைச் சொல்லும்போது உடம்பில் ஒரு தெம்பு வரும். இப்போது வருவதில்லை. அறுபத்தேழு வயதாகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் மறுபடி எடுத்துப் போட மனம் வரமாட்டேன் என்கிறது. அந்த அலுப்புக்கு வயது பாதிக் காரணம். மிச்சப் பாதி அந்த லைப்ரரி.

லைப்ரரி என்றால் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் புரோகிராமுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்கிற ஒரு சின்னத் துண்டு. ரேடியோவுக்குள் பூட்டுகிற பார்ட்ஸ் மாதிரி. என்னுடையது மழையைப் பார்க்கும். தினமும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கொடுத்தால், ‘பயமில்லை’, ‘கவனம்’, ‘வெளியேறுங்கள்’ என்று மூன்றில் ஒரு பதில் சொல்லும். அரசாங்கத்து ஆட்கள் மண்சரிவுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், அந்த அளவை வைத்துத்தான் சொல்லும். முந்நூறு வரிகூட இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்று அதைப் பொதுவில் போட்டேன். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் ஊரறியச் சொல்லலாம். அந்தக் கடைசி வசதியைப் பற்றி நான் அவ்வளவாக யோசித்திருக்கவில்லை.

இதை எழுதக் காரணம் எங்கள் தோட்டத்துப் பணிய லயம், அதாவது கீழே இருக்கிற வரிசை வீடுகள். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மண்மேடு. அதற்கு மேலே ரப்பர். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை விடியும் நேரத்தில் அந்த மேடு சரிந்தது. மூன்று வீட்டுக் குசினிகள் மண்ணுக்குள் போயின. ஆள் சாகவில்லை. ஆனால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இன்றுவரை எழுந்து நடக்கமாட்டார். அவர் மனைவி தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவள், எனக்குத் தங்கச்சி முறை. அந்த மேட்டுக்குக் கீழே இன்னும் பதின்மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. புது வீடு வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வருகிறவரைக்கும் மழை பெய்தால் எப்போது எழுந்து போவது என்று யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தோட்டத்து ஆபீஸ் வளவில் மழை அளக்கிற குப்பி இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் மழைக்கு மரியாதை அதிகம், மழை பெய்தால் பால் வெட்டு இல்லையே. ஆபீஸ் காவல்காரர் காலை ஆறு மணிக்கு அந்தக் குப்பியைப் பார்த்து மழைக் கொப்பியில் எழுதுவார். அவரும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பில் ஒரே நாளில் அடி வாங்கினவர்கள். கேட்டதும் ஏழு வருஷத்துக் கொப்பிகளை ஒரு உரப்பையில் போட்டுத் தந்தார்.

என் மனைவி வாசிக்க, நான் கம்ப்யூட்டரில் தட்டினேன்.

“பன்னெண்டு. பூச்சியம். பூச்சியம். முப்பத்தி நாலு. அதே.”

“அதேன்னா?”

“இன்னொரு முப்பத்தி நாலு. இந்தக் கொப்பியில அடிக்கடி அப்படி வருது. ஒவ்வொரு வாட்டியும் முழுசாச் சொன்னா வாய் வலிக்குது. நான் அதேன்னா, நீங்க அதையே அடிங்க.”

அடித்தேன். ஏழு வருஷத்தில் அவள் எத்தனை தடவை ‘அதே’ சொன்னாள் என்று நான் எண்ணவில்லை. வேலை சுருக்காக முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு டெஸ்ட் எழுதினேன். வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் டெஸ்ட் எழுதமாட்டார்கள். நான் எழுதுவேன். ரேடியோ திருத்துகிறவன் மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் பாட்டு வருகிறதா என்று பார்ப்பான் இல்லையா, அதுதான் டெஸ்ட். இந்த மழை கொடுத்தால் இந்தப் பதில் வரவேண்டும் என்று முதலே எழுதி வைப்பது. ஓடவிட்டால் சரியானது பச்சையாக வரும், பிழையானது சிவப்பாக வரும். அறுபத்து நாலு டெஸ்ட் எழுதினேன். கடைசியாக எழுதினது மேடு சரிந்த அந்தத் திங்கட்கிழமை. அந்த நாளுக்கு ‘வெளியேறுங்கள்’ வரவேண்டும் என்று எழுதி ஓடவிட்டேன்.

அறுபத்து மூன்று பச்சை. அது ஒன்று சிவப்பு. அந்தத் திங்கட்கிழமைக்கு என் லைப்ரரி சொன்ன பதில்: பயமில்லை.

மூன்று நாள் அதோடு கிடந்தேன். வரி வரியாகப் பார்த்தேன். புரோகிராமில் பிழை இல்லை. கொப்பியைப் பார்த்தேன், தட்டினதில் பிழை இல்லை. ஞாயிறு ஒரு அளவு, திங்கள் அதே அளவு, இரண்டும் எல்லைக்குள். பிறகு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்த வருஷம் மேட்டுக்கு மேலே தண்ணீர் ஓடுகிற கான் அடைபட்டுக் கிடந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியென்றால் மேடு சரிந்தது மழையால் இல்லை, கானால். மழையைப் பார்க்கிற லைப்ரரிக்குக் கான் எப்படித் தெரியும்? நல்ல காரணம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த டெஸ்டை அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். திரை முழுதும் பச்சை.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு வெளியிட்டேன். முதல் பக்கத்தில், தோட்டத்து மழைக் கொப்பி ஏழு வருஷத்தை வைத்துப் பரிசோதித்தது, எல்லா டெஸ்டும் பாஸ் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். எனக்குத் தெரிந்த அளவு இங்கிலீஷிலும் எழுதினேன். அன்றைக்கு டவுனில் எத்தனை பேரிடம் போனைக் காட்டினேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே களைப்பாக இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் ஒரே வேலை. காலையில் காவல்காரர் கொப்பியைப் போட்டோ பிடித்து அனுப்புவார். நான் அந்த எண்ணைப் போடுவேன். ஏழு மணிக்குப் பணிய லயத்து ஆட்களின் போனுக்கெல்லாம் மெசேஜ் போகும். ஞாயிற்றுக்கிழமை போட்டோ வராது. அது திங்கட்கிழமை போட்டோவில் சேர்ந்து வரும். ஆபீஸ் பூட்டு, மனுஷன் போனைத் தூக்க அலுப்புப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கட்டம் வெறுமையாக இருந்தால் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ள லைப்ரரிக்குச் சொல்லியிருந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் மெசேஜ் தவறாமல் போனது.

ஒரு வியாழக்கிழமை ‘வெளியேறுங்கள்’ என்று வந்தது. ஆட்கள் தங்குவதற்குத் தோட்டத்து ஸ்கூலுக்குப் போனார்கள். நடக்கமுடியாதவரை நாலு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் லயத்துக் கோடியில் நாலு கூடை மண் சரிந்து விழுந்தது. அவ்வளவுதான், என் பெயர் மலை முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு முன்னால் பலமாக மழை அடித்தால் பணிய லயத்தில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். அதற்குப் பிறகு என் மெசேஜைப் பார்த்துவிட்டுப் படுத்தார்கள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் லைப்ரரிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. குருவிட்டப் பக்கத்துச் சிங்களப் பொண்ணு. அவள் அப்பா மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். எப்போது குழிக்குள் தண்ணீர் ஏறும் என்று பார்க்க என் லைப்ரரியை எடுத்துப் பொருத்தியிருக்கிறாள். பொருத்துவதற்கு முன்னால், நான் டெஸ்டுக்காகச் சேர்த்துப் போட்டிருந்த ஏழு வருஷ மழையையும் திறந்து பார்த்திருக்கிறாள்.

“மாமே, இரிதா சந்துதா தெகேம எக்கம கான. எய் ஏ?” என்று கேட்டிருந்தாள். ஞாயிறும் திங்களும் ஒரே அளவாக இருக்கிறதே, ஏன் மாமா என்று.

எனக்குக் கோபம் வந்தது. அவள் அப்பா காற்சட்டை போடாத காலத்திலேயே நான் கொழும்பில் ரேடியோ திருத்தினவன் என்று சிங்களத்தில் நீளமாக எழுதினேன். இது நேரில் அளந்த மழை, வானம் யாரையும் கேட்டுப் பெய்வதில்லை என்று முடித்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“சரி மாமே. ஆனா எண்ணிப் பாருங்க.”

கீழே பட்டியல். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்று விடாமல். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதே அளவில் ஒரு திங்கட்கிழமை. எங்காவது வித்தியாசம் இருந்தால், ஒரே ஒரு மில்லிமீட்டர்தான்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது நான் அதே அதேன்னு சொன்னது தானே,” என்றாள். “அப்பவே உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். பெரிய ஆளு, தெரியாமலா இருக்கும்னு.”

அவள் குத்திச் சொன்னாளா, நிஜமாகவே அப்படி நினைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். காவல்காரர் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம நீ குப்பியப் பாக்குறியா, இல்லயா?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம நான் மனுசன் இல்லயா மச்சான்? எனக்கும் ஒரு நாளு லீவு வேணாமா?”

“அப்ப கொப்பியில ஞாயித்துக்கெழம மழ எங்கேயிருந்து வருது?”

“வானத்துலருந்துதான்.”

“டேய்.”

“திங்கக்கெழம காலயில குப்பியில எவ்வளவு இருக்கோ, அதப் பாதியாப் பிரிச்சு ரெண்டு கட்டத்துலயும் போட்டுருவேன். பௌர்ணமிப் போயா லீவுக்கும் அப்படித்தான். கட்டம் வெறுமையாக் கெடந்தா கிளாக்கர் ஐயா ஏசுவாரு. எனக்கு முந்தி இருந்த ஆளும் இப்படித்தான் எழுதினாரு. அவரு எழுதினது எந்தத் தொரைக்குத் தெரிஞ்சிருக்கு?”

“ஒத்தப்படையா வந்தா?”

“மிச்சம் ஒண்ணு திங்கக்கெழமைக்கு. லீவு நாளுல கூடப் போடுறது நல்லதில்லயே.”

வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தத் திங்கட்கிழமையைக் கேட்டேன், மேடு சரிந்த திங்கட்கிழமையை. அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“அன்னைக்கு குப்பி வழிய வழிய இருந்துச்சு,” என்றார். “அதையும் பாதியாத்தான் போட்டேன். பழக்கம்.” வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஏன், அதுல ஏதும் பெரச்சினையா?” என்றார்.

அவரை நான் ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு எங்கே வாய் இருக்கிறது? அவர் செய்தது வழக்கம். சிவப்பாக வந்த ஒரே டெஸ்டைக் கையால் அழித்தவன் நான். அந்த ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. மற்ற அறுபத்து மூன்றும் கொப்பியை அப்படியே நம்பிப் பச்சை காட்டின. மூன்று நாள் புரோகிராமைப் பார்த்தவன் நாலாம் நாள் நடந்து வந்து இந்தக் கேட்டில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். புரோகிராம் எழுதுகிற ஆள் காவல்காரனிடம் போய்க் கேட்பதா என்று அப்போது தோன்றியது. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு மழைக்காலம் முழுதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பணிய லயத்துக்குப் ‘பயமில்லை’ என்று அனுப்பியிருக்கிறேன். யாரும் அளக்காத மழைக்கு. அவர்களும் நம்பிப் படுத்திருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்தேன்.

திருத்துகிற வேலை பெரிதில்லை, ரெண்டு நாள். வெற்றுக் கட்டத்தைப் பூச்சியம் என்று எடுக்காதே, ‘தெரியாது’ என்று சொல். பிறகு திங்கட்கிழமை எண் வந்தால் ரெண்டு நாள் மழையையும் கூட்டி, எல்லாம் ஒரே நாளில் பெய்ததாக வைத்துப் பார். நான் அழித்த டெஸ்டை மறுபடி எழுதினேன். ஓடவிட்டால் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பொதுவில் ஒருமுறை வெளியிட்ட வெர்ஷனை எடுத்துத் திருத்த முடியாது, புது எண் போட்டுப் புதிதாகத்தான் விடவேண்டும். ஏன் மாற்றினேன் என்று எல்லோரும் பார்க்க எழுதவும் வேண்டும். ‘முந்தைய வெர்ஷனைப் பாவிக்க வேண்டாம். அது பிழையாகப் பயமில்லை என்று சொல்லும். ஒரு டெஸ்ட் இதைக் காட்டியது, அதை நான் அழித்தேன்.’ இந்த மூன்று வரியை எழுத, புரோகிராம் எழுதினதைவிட அதிக நேரம் ஆனது. சிங்களத்தைக் குருவிட்டப் பொண்ணு சரிபார்த்தாள். கடைசி வரி தேவையில்லை மாமே, விட்டுவிடுங்கள் என்றாள். நான் விடவில்லை.

உலகத்துக்கு எழுதுவது சுலபம். பணிய லயத்துக்குப் போய் வாயால் சொல்லவேண்டியிருந்தது. லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். நடக்கமுடியாதவர் வாசலில் கதிரையில் இருந்தார்.

“அப்ப எத்தன ஞாயித்துக்கெழம நாங்க சும்மா படுத்துத் தூங்கினோம் அண்ணே?” என்று அவர்தான் கேட்டார்.

“எல்லா ஞாயித்துக்கெழமையும்.”

“இனிமே என்னா சொல்லும்?”

“தெரியாதுன்னு சொல்லும்.”

பின்னால் யாரோ ஒரு பெண், “தெரியாதுன்னு சொல்ல ஒரு மிஷினா? எங்க வீட்டு மனுசன் அத ஓசியிலயே சொல்லுவான்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதத்துக்கு அதுதான் மலையில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அளப்பதற்கும் முயற்சி செய்தேன். காவல்காரர் முடியாது என்றார். சனிக்கிழமை பின்னேரமே மகள் வீட்டுக்குப் போய்விடுகிறவர். ஆபீஸ் கேட் சாவியை எனக்குத் தரத் தோட்டத்து மனேஜர் தொரை விடவில்லை. லயத்தில் ஒரு போத்தலை வெட்டி வைத்தோம், ஒரு வாரத்தில் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. அடுத்ததில் சின்னப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். என் வீட்டுக் கூரையில் வைக்கலாம். ஆனால் டவுனில் பெய்கிற மழை வேறு, மேலே பெய்கிற மழை வேறு.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. காலை ஏழு மணிக்கு மெசேஜ் போனது: தெரியாது. ஏழு ஐந்துக்கு நடக்கமுடியாதவரின் மனைவி, அந்தத் தங்கச்சி, எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணே, தெரியாதுன்னு வந்திருக்கு. போகவா, இருக்கவா?”

“அதுதான் தங்கச்சி, தெரியாது.”

“மிஷினுக்குத் தெரியாது சரி. உங்களுக்கு?”

என் வாழ்நாளில் யார் எதைக் கேட்டாலும் நான் தெரியாது என்று சொன்னதில்லை. ரேடியோ கேட்டாலும் சொல்வேன், அரசியல் கேட்டாலும் சொல்வேன், பிள்ளைக்கு ஜாதகம் கேட்டாலும் ஏதாவது ஒன்று சொல்லி அனுப்புவேன். கூரையில் மழை அடிக்கிற சத்தம் போனுக்குள்ளும் கேட்டது, எங்கள் வீட்டிலும் கேட்டது.

“எனக்கும் தெரியல,” என்றேன். “தெரியாததால போங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு இருந்தா நேரம் இருக்காது.”

“அவரத் தூக்கணுமே அண்ணே. பாதையெல்லாம் வழுக்குது.”

“தூக்குங்க. நான் வாறேன்.”

த்ரீவீல் பிடித்து நான் போய்ச் சேரும்போது பதின்மூன்று குடும்பமும் ஸ்கூல் விறாந்தையில் நின்றது. கதவு பூட்டு. சாவி பிரின்ஸிபல் வீட்டில், அவர் இருப்பது டவுனுக்கு அந்தப் பக்கம். முன்பு வெளியேறின வியாழக்கிழமை ஸ்கூல் நடக்கிற நாள், திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கதவு பூட்டியிருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. தூவானம் விறாந்தைக்குள் அடித்தது. கதிரையில் இருந்தவருக்கு மேல் ஒரு உரப்பையை விரித்துப் பிடித்திருந்தார்கள். வந்த த்ரீவீலிலேயே ஆளனுப்பி, சாவி வந்து சேர ரெண்டு மணி நேரம் போனது. நான் உரப்பையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடு சரியவில்லை. திங்கட்கிழமை காலை காவல்காரர் போட்டோ அனுப்பினார். இந்தத் தடவை பிரிக்காமல் எழுதியிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். ரெண்டு நாள் மழையும் சேர்ந்தே எல்லைக்குள்தான். போயிருக்கத் தேவையில்லை. ரெண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தூக்கினவர்களில் ஒருவர் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பீலிக்குப் பக்கத்தில் என் மிஷினைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்று என் மனைவிக்குத் தெரியும். அவள் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லவில்லை.

ரெண்டு நாள் கழித்துத் தங்கச்சி கடைக்கு வந்தாள். கொழுந்து எடுத்த விரலில் கறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அடுத்த ஞாயித்துக்கெழம மழ பெஞ்சா இப்படித்தான் சொல்லுவீங்களா அண்ணே?”

“இப்படித்தான் சொல்லுவேன்.”

“போயாவுக்கும்?”

“போயாவுக்கும்.”

“மூணு தடவ சும்மா போனா நாலாந்தடவ ஆளு எந்திரிக்காதே.”

அதுதான் உண்மை. அதற்கு டெஸ்டும் எழுத முடியாது.

“நாங்க போறோம்,” என்றாள். “மத்தவங்கள எனக்குத் தெரியாது, நான் அவரத் தூக்கிக்கிட்டுப் போறேன். ஆனா அந்த விறாந்தையில இன்னொருக்கா நிக்கமாட்டோம். அந்தச் சாவியில ஒண்ணு எங்க கையில வாங்கிக் குடுங்க.”

அவள் போன பிறகு கடையை மத்தியானத்திலேயே பூட்டினேன். பிரின்ஸிபல் வீட்டுக்குப் போனேன். கடிதம் வேண்டும் என்றார். கிராம சேவகரிடம் போனேன், ஸ்கூலில் இருந்து கடிதம் வேண்டும் என்றார். ஒரு வாரம் இப்படி நடந்தேன். நாலு பேருக்கு நாலு விதமாகச் சொன்னேன். கடைசியில் கடிதத்தை நானே என் கையெழுத்தில் எழுதினேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. ‘மழை அளவு தெரியாத நாட்களில் பணிய லயத்து மக்கள் வந்து தங்குவதற்காக.’ பிரின்ஸிபல் அதை ரெண்டு தடவை வாசித்தார்.

“மழை அளவு தெரியாத நாளென்றால் என்ன நாள்?” என்று கேட்டார்.

நின்றுகொண்டே முதலில் இருந்து சொன்னேன். குப்பி, கொப்பி, பாதிப் பாதி, நான் அழித்த டெஸ்ட், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அலுத்தது. அவர் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து, ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு இதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

வெட்டின சாவியைப் பணிய லயத்துக்குக் கொண்டுபோனேன். தங்கச்சி மலையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் கதிரையில் இருந்தார். எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“எங்கிட்டயே இருக்கட்டும்ணே. இந்த லயத்துல எங்கயும் போகாத ஆளு நான் ஒருத்தன்தான்.”

பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அவர் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் எட்டவில்லை.

“இன்னும் கொஞ்சம் பணிய,” என்றார்.

ஆணியைப் பிடுங்கிக் கீழே அடித்தேன்.